கொசு கேட்டு வாங்கிய ரீங்காரம்

காட்டுக்குள் ஒரு குளம். குளக்கரையில் ஒரு பெரிய நாவல் மரம். மரத்துப் பொந்தில் தேனீக்கள் குடியிருந்தன. மரத்தடி நிழலில் மாரக்காள் என்ற காட்டெருமை படுத்திருப்பாள்.

மாரக்காளுக்குப் பாறை மாதிரி உடம்பு. ஆனாலும் மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் சாயங்காலம் முழுக்க எல்லார் மேலும் எரிந்து விழுவாள். அந்தத் தூக்கம் வர அவளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அது ரீங்காரம்.

வெயில் ஏறினால் பொந்துக்குள் புழுக்கம் வந்துவிடும். உடனே பத்து இருபது தேனீக்கள் பொந்தின் வாயில் வந்து நிற்கும். நின்ற இடத்திலேயே இறகால் விசிறும். உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்குக் காற்றுப் போகும். அந்த விசிறலில் பிறக்கிற சத்தம் குளக்கரை முழுக்கப் பரவும். மாரக்காள் பிறந்தது அந்த மரத்தடியில்தான். அவள் அம்மா அவளை நக்கிக் கொடுத்தபோதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் காட்டில் ஒவ்வொருவர் சத்தத்துக்கும் ஒரு சொல் உண்டு. யானை பிளிறும். மயில் அகவும். நரி ஊளையிடும். ஆந்தை அலறும். பாம்பு சீறும். ஒருவர் சொல்லை இன்னொருவர் தொடுவதில்லை. 'நரி அகவியது' என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், பாவம், அவர் ஒரு வாரத்துக்குக் குளக்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது. இந்தச் சொற்களையெல்லாம் மறக்காமல் வைத்திருந்து, கேட்கிறவருக்கு எடுத்துச் சொல்வது மலை மைனா நாச்சிமுத்துவின் வேலை. அவன் எல்லார் குரலிலும் பேசுவான். அதனால் அந்த வேலை அவனுக்கு வந்தது. கொஞ்சம் தற்பெருமையும் கூடவே வந்தது.

மற்ற சொற்களெல்லாம் வெறும் சொற்கள். ரீங்காரத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு இருந்தது.

கோடையில் தேனீக்கள் தண்ணீர் எடுக்கக் குளத்தோரம் தாழப் பறந்து வரும். தாகத்துக்கு வந்த மானும் எருமையும் யானையும் அங்கேதான் நிற்கும். ஒரு வால் வீச்சில் நாலு தேனீ செத்து விழும். பதிலுக்கு நாற்பது கொட்டு விழும். இப்படியே அடித்தும் கொட்டியும் இரண்டு பக்கமும் சலித்துப்போன பிறகு, முன்னொரு காலத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

"ரீங்காரம் கேட்டால் வாலை ஆட்ட மாட்டோம். காதை வீச மாட்டோம்" என்றன பெரிய மிருகங்கள்.

"வால் ஆடாத வரைக்கும் நாங்கள் கொட்ட மாட்டோம்" என்றன தேனீக்கள்.

அன்று முதல் அந்தக் காட்டில் ரீங்காரம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: 'வேலையாக வருகிறேன், பயப்படாதே.' காதருகே அது கேட்டதும் எந்தப் பெரிய வாலும் தானாக நின்றுவிடும். யோசிக்கக்கூட வேண்டியதில்லை. மணி சொல்லவும் அந்தச் சொல்தான் பயன்பட்டது. "எப்போ வர்றே?" என்று ஒரு மான் கேட்டால், "ரீங்காரம் அடங்கினதும் வர்றேன்" என்று இன்னொரு மான் சொல்லும். சாயங்காலம் என்று புரிந்துகொள்வார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது. அதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

தேனீக்களில் பூவாத்தாள் என்று ஒருத்தி. தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் மாரக்காளின் வலது காதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவாள்.

"அக்கா, மேக்கால புங்க மரம் பூத்திருக்குதுங்க" என்பாள்.

"அட, போ. என்னைத் தூங்க விடு" என்பாள் மாரக்காள்.

ஒரு நாள் பூவாத்தாள் வர நேரமானாலும் மாரக்காள் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு கோடை மழை பெய்து விட்டது. குளத்தைச் சுற்றி மிருகங்களின் குளம்பு பதிந்த குழிகளில் எல்லாம் தண்ணீர் தேங்கியது. அந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பி வந்தாள் சிங்காரவல்லி என்ற கொசு. உடம்பைவிடப் பெயர் நீளம். ஆசை பெயரைவிட நீளம்.

வந்த அன்றே அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. யார் காதருகே போனாலும் வால் வருகிறது. தேனீ போனால் மட்டும் வால் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் ஓர் இலைக்கு அடியில் உட்கார்ந்து யோசித்தாள். மூன்றாம் நாள் மைனாவிடம் போனாள்.

"அண்ணா, உங்க குரல் எவ்வளவு நல்லா இருக்குது. யானை கத்துறதைக் காட்டிலும் நீங்க பிளிறுறதுதான் நல்லா இருக்குதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றாள்.

நாச்சிமுத்து கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டான். "அப்படியா பேசிக்கிறாங்க? சரி, உனக்கு என்ன வேணும்?"

"எல்லாருக்கும் ஒரு சொல் இருக்குதுங்க. எனக்கு மட்டும் இல்லை. நானும் இறகாலதான் சத்தம் போடுறேன். தேனீயும் இறகாலதான் போடுது. அதுக்கு ரீங்காரம்னா, எனக்கும் ரீங்காரம்தானுங்களே? நான் சின்னவ. என்னைக் கேக்க ஆளில்லை." சொல்லிவிட்டு அவள் மூக்கை உறிஞ்சினாள். அந்த மூக்கு ஊசி என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

நாச்சிமுத்து குளக்கரையில் எல்லாரையும் கூட்டினான். விஷயத்தைச் சொன்னான். மான்களுக்கு மனசு இளகிவிட்டது. யானை, "பாவம், இத்தனூண்டு உடம்பு" என்றது.

மைனா பொந்தைப் பார்த்துக் கேட்டான். "பூவாத்தா, உங்களுக்கு இதுல ஆட்சேபணை உண்டா?"

பூவாத்தாள் காலில் மகரந்தத்தோடு வந்துகொண்டிருந்தாள். நிற்க அவளுக்கு நேரமில்லை. "பேரை வெச்சு நாங்க என்னங்க பண்ணப் போறோம்? உள்ளே குஞ்சுங்க பசியோட இருக்குது. நீங்களே பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாரும் மாரக்காளைப் பார்த்தார்கள். குளக்கரையில் அவள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அவளோ தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ஒரு சொல்லுதானே. கொடுத்தாக் குறைஞ்சா போயிடும்? கொடுத்துடுங்க" என்றாள்.

"கொசுவின் சத்தமும் இன்று முதல் ரீங்காரம்" என்று நாச்சிமுத்து மூன்று தடவை கூவி அறிவித்தான். சிங்காரவல்லி எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் பறந்து போனாள்.

மறுநாளே அவள் தன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மாரக்காளின் காதருகே சத்தம் கேட்டது. வால் பழக்கப்படி நின்றது. காதுக்குப் பின்னால் ஒரு குத்து. வயிற்றடியில் ஒரு குத்து. முதுகில் பத்துக் குத்து. வாலைத் தூக்கினாள்.

"அக்கா, ரீங்காரம்!" என்றாள் சிங்காரவல்லி அதிகாரமாக. "கட்டுப்பாடு மறந்துபோச்சா?"

மாரக்காள் வாலை இறக்கினாள். கொடுத்த சொல்லை எப்படி மீறுவது? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மான்கள் நடுங்கிக்கொண்டே நின்றன. யானை காதை வீச முடியாமல் தவித்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் பாதித் தாகத்தோடு திரும்பினார்கள். கொசுக்களுக்கு வயிறு புடைத்தது. எட்டு நாள் இப்படிப் போயிற்று. எட்டு நாளும் மாரக்காள் தூங்கவில்லை.

முன்பெல்லாம் ரீங்காரம் கேட்டால் உடம்பு தளரும். இப்போது கேட்டால் தோல் சிலிர்த்து இறுகியது. சொல் ஒன்றுதான். உடம்பு மட்டும் அதை வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஒன்பதாம் நாள் மத்தியானம். மாரக்காளுக்கு அப்போதுதான் கண் லேசாகச் சொருகியது. வலது காதருகே சத்தம் கேட்டது. வால் நிற்கவில்லை. சாட்டை போலச் சுழன்று வந்து விழுந்தது.

சேற்றில் ஏதோ விழுந்தது. மாரக்காள் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, நாந்தானுங்க" என்றாள் பூவாத்தாள். ஓர் இறகு முழுசாகக் கிழிந்திருந்தது. "கெழக்கால இலுப்பை பூத்திருக்குதுன்னு சொல்ல வந்தேன்."

 மாரக்காள் மூக்கால் மெதுவாக அவளைச் சேற்றிலிருந்து தூக்கப் பார்த்தாள். அத்தனை பெரிய மூக்கால் அத்தனை சின்ன உடம்பை எப்படித் தூக்குவது? கொஞ்ச நேரத்தில் பூவாத்தாள் அசைவதை நிறுத்திவிட்டாள்.

பொந்திலிருந்து தேனீக்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவை யாரையும் கொட்டவில்லை. கொட்டியிருந்தால்கூட மாரக்காளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலை பொந்திலிருந்து ஒரு பெரிய கூட்டம் புகைபோலக் கிளம்பியது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அன்று மத்தியானம் வெயில் ஏறியது. பொந்தின் வாயில் யாரும் இல்லை.

அன்றே நாச்சிமுத்து மறுபடி எல்லாரையும் கூட்டினான். முகம் தொங்கிப் போயிருந்தது. "கொசுவுக்குக் கொடுத்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கிறோம்" என்றான்.

"அப்போ என் சத்தத்துக்கு என்ன பேரு?" என்று சண்டைக்கு வந்தாள் சிங்காரவல்லி.

யாருக்கும் பேர் வைக்கிற பொறுமை இல்லை. யானை காதைப் பலமாக வீசிக்கொண்டே, "ஙொய்" என்றது. அதுவே பேராக நின்றுவிட்டது.

"ஙொய்யா? இதெல்லாம் ஒரு பேரா?" என்று கேட்டபடி சிங்காரவல்லி ஓடினாள். குளக்கரையில் எல்லா வால்களும் ஒரே நேரத்தில் சுழன்றுகொண்டிருந்தன.

கொசுப் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. ஆனால் போன சத்தம் வரவில்லை.

அந்த வருஷம் நாவல் மரம் பூத்துக் கொட்டியது. பழம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். வழக்கமாக அந்த மாதத்தில் குளக்கரையில் எல்லார் நாக்கும் ஊதா நிறமாக இருக்கும். இந்தத் தடவை யார் நாக்கிலும் நிறமில்லை. கரடி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போனது.

அதைவிட ஒன்று மாரக்காளை வாட்டியது. ஒரு நாள் ஒரு மான் இன்னொரு மானிடம் பழக்க தோஷத்தில், "ரீங்காரம் அடங்கினதும் வா" என்றது. சொன்ன பிறகுதான் இரண்டுக்கும் உறைத்தது. இரண்டும் மாரக்காளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

நாச்சிமுத்து ஒரு நாள் அவள் முதுகில் வந்து உட்கார்ந்தான். "மாரக்கா, நான் வேணும்னா அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டட்டுமா? எனக்கு நல்லா வரும்" என்றான். போட்டும் காட்டினான். அச்சு அசலாக இருந்தது.

மாரக்காள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "வேண்டாம் தம்பி, நிறுத்திடு" என்றாள். "இதுல எந்த மரம் பூத்திருக்குதுன்னு சேதியே இல்லை."

மறு வருஷம் நாவல் மொட்டுவிட்டது. மாரக்காள் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். மத்தியானம் மரத்தடியில் படுக்கும்போது வாலை உடம்புக்கு அடியில் போட்டு, அதன் மேலேயே படுத்தாள். அவ்வளவு பெரிய உடம்பின் கனம் முழுக்க அந்த வாலின் மேல். கொசுக்கள் வந்து மொய்த்தன. அவள் அசையவில்லை.

"என்ன மாரக்கா, பைத்தியமா? வேற எடத்துலயாவது போய்ப் படுங்க" என்றது மான்.

"மத்த எடத்துலெல்லாம் கொசுவை அடிச்சுக்கிறேன். இந்த மரத்தடியில மட்டும் என் வால் ஆடாது" என்றாள் மாரக்காள்.

பத்து நாள் போயிற்று. பதினைந்து நாள் போயிற்று. மொட்டெல்லாம் பூவானது. பூ கொட்டவும் ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம், கொசுச் சத்தங்களுக்கு நடுவே, மாரக்காளுக்குத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

ஒரு தேனீ குளத்தோரம் இறங்கித் தண்ணீர் குடித்தது. பிறகு பொந்தை எட்டிப் பார்த்தது. பிறகு நல்ல தூரத்தில் நின்றுகொண்டே அவளிடம் பேசியது.

"இங்கே ஓர் எருமை இருக்குது, கிட்டப் போகாதேன்னு எங்கூட்டுல சொல்லி அனுப்பினாங்க. அது நீங்களா?"

"நாந்தாம்மா" என்றாள் மாரக்காள். "பூவாத்தாளைத் தெரியுமா உனக்கு?"

"அக்கா ஆகணும். நான் பார்த்ததில்லைங்க. நான் பொறந்தது பாறை இடுக்குலதான். அங்கே மழைத்தண்ணி உள்ளே வருது. அதான் வேற எடம் தேடி வந்தேன்." தேனீ சற்றுத் தயங்கியது. "உங்க வால் எங்கே?"

"அடியில போட்டுப் படுத்திருக்கேன்."

"வலிக்கலைங்களா?"

"வலிக்குது."

தேனீ பார்த்தது. மாரக்காளின் கண்ணோரத்தில் இரண்டு கொசுக்கள் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தன. அவள் இமையைக்கூட அடிக்கவில்லை. தேனீ கொஞ்சம் கிட்டே வந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. வலது காதை ஒரு சுற்றுச் சுற்றியது. அதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. மாரக்காளுக்குக் கண்ணில் நீர் வந்தது. குத்திக்கொண்டிருந்த கொசுக்கள் நனைந்துபோய்ப் பறந்தன.

தேனீ மலைப் பக்கம் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புகைபோல ஒரு கூட்டம் வந்தது. நாவல் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒவ்வொன்றாகப் பொந்துக்குள் நுழைந்தது. வெயில் ஏறியதும் பத்து இருபது தேனீக்கள் பொந்தின் வாயில் வரிசையாக வந்து நின்று விசிற ஆரம்பித்தன.

குளக்கரையில் எல்லாரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நாச்சிமுத்து வாயைத் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அவன் பேசாமல் இருந்த ஒரே மத்தியானம் அதுதான் என்பார்கள்.

"மாரக்கா, ரீங்காரம்" என்றது மான் மெதுவாக.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தது. மாரக்காள் தூங்கிப் போயிருந்தாள். அடியில் இருந்த வால் தானாக நழுவி வெளியே வந்து, புல்லின் மேல் அசையாமல் கிடந்தது.

சிங்காரவல்லியின் வம்சம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை. இன்றைக்கும் கொசு நம் காதருகே வந்து, 'இதுவும் ரீங்காரம்தானே?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, பதில் சொல்ல நமக்குக் கை இருக்கிறது.

உழைத்துச் சேர்த்த நல்ல பெயரைக் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தால், அந்தப் பெயருக்கு உண்மையில் உரியவர்தான் முதல் அடியை வாங்குவார்.